புதன்கிழமைச் சாப்பாடு யார் போடுவது? புதிதாக நன்கொடை கொடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா காலமான பிறகு வந்த முதல் ஆடி அமாவாசைக்கு, ஒரு முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடலாம் என்று வீட்டில் முடிவானது. முப்பத்தைந்து பேருக்கு வடை பாயசத்தோடு சமையல்காரரிடம் சொல்லி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். வாசலில் ஏற்கெனவே இரண்டு வண்டிகள் நின்றன. ஒருவர் காலைச் சிற்றுண்டி கொடுத்துவிட்டுப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் எங்களைப் போலவே மதியச் சாப்பாட்டோடு வந்திருந்தார். எங்கள் பாயசம் அன்று அந்த இல்லத்தின் இரண்டாவது பாயசம். அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

இல்லத்தை நடத்தும் அம்மாள் எங்களை அலுவலக அறைக்கு அழைத்துப்போய், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் புரட்டிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகள், அமாவாசைகள், பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு என்று எல்லாக் கட்டங்களிலும் பெயர்களும் போன் எண்களும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. புதன்கிழமைக் கட்டங்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. "நல்ல நாளில் சாப்பாடு போட ஆள் இருக்கிறது சார். புதன்கிழமைக்குத்தான் இல்லை" என்றார். பெரியவர்களுக்கான டயப்பர், இரவு நேரப் பணிப்பெண்ணின் சம்பளம், மின்கட்டணம் ஆகியவற்றுக்குக் காலண்டரில் கட்டமே கிடையாது.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஐம்பதாயிரம் ரூபாய்க் கடன் கேட்டு வருபவரிடம் ஐம்பது கேள்வி கேட்டுப் பழகியவன், நன்கொடை என்று வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் பாயசத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றை, முதன்முதலாகக் கொடுக்கத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தொகை, அப்புறம்தான் அமைப்பு

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மனத்தை உலுக்கும் ஒரு படத்தைப் பார்க்கிறார்கள், கையில் இருப்பதை அனுப்புகிறார்கள், அடுத்த மாதம் மறந்துவிடுகிறார்கள். தனக்கு மிஞ்சித்தான் தானம். ஆகவே வீட்டுச் செலவு, கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவத்துக்கு ஒதுக்கியது எல்லாம் போக, மாதம் எவ்வளவு போனால் வலிக்காது என்று முதலில் பாருங்கள். ஜகாத் கொடுப்பவர்களுக்கு இரண்டரை சதவீதம், தசமபாகம் கொடுப்பவர்களுக்குப் பத்தில் ஒன்று என்று ஓர் அளவு உண்டு. மற்றவர்கள் தாங்களே ஓர் அளவு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000. அதில் 9,000 ரூபாயை நீங்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்த இரண்டே அமைப்புகளுக்குக் கொடுங்கள். மீதி 3,000 ரூபாயைத் திடீர் வேண்டுகோள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: அலுவலக நண்பரின் மருத்துவச் செலவு, தெருக்கோயில் கூழ் ஊற்றுவது, வெள்ள நிவாரணம். அந்த 3,000 தீர்ந்துவிட்டால் "இந்த வருடம் முடிந்துவிட்டது" என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடலாம். பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டே அமைப்புகள் ஏன் என்று கேட்கலாம். பன்னிரண்டு இடங்களுக்கு ஆயிரம் ஆயிரமாகப் பிரித்தால், ஒவ்வோர் இடத்திலும் ரசீது போட்டு, நன்றிக் கடிதம் அனுப்பி, உங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதிலேயே ஒரு பங்கு கரைந்துவிடும். உங்களாலும் பன்னிரண்டு இடங்களைக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது.

எதற்காக என்பதை உங்கள் வாழ்க்கையில் தேடுங்கள்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு ஊர் ஊராக நிதி திரட்டி அவர் எழுப்பியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. இன்னொரு கதை 1993இல் சென்னையில் நடந்தது. தெருவில் அலைந்துகொண்டிருந்த, மனநோயால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள் இடம் தேடினார்கள். எங்கும் கிடைக்கவில்லை. அப்படிப் பிறந்ததுதான் தி பான்யன். சிகிச்சை கொடுத்து, தேறியவர்களைக் குடும்பத்தோடு சேர்த்துவைப்பது அவர்கள் வேலை. போக வீடில்லாதவர்கள் சிலர், ஊருக்குள் வாடகை வீட்டில் நாலைந்து பேராகச் சேர்ந்து குடித்தனம் நடத்தவும் வழி செய்கிறார்கள்.

இரண்டிலுமே, தொடங்கியவர்களைக் குடைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றிலிருந்து வேலை பிறந்திருக்கிறது. உங்களையும் அப்படிக் குடைவது எது என்று பாருங்கள். பாட்டிக்குக் கண்புரை வந்து காலம் தாழ்த்திவிட்டீர்களா? பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்குப் பணமில்லாமல் கம்பெனி வேலைக்குப் போன தோழி இருந்தாளா? சின்ன வயதில் நீந்திய ஏரியில் இப்போது ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறதா? அதை எடுத்துக்கொண்டால் நாலு வருடம் கழித்தும் ஆர்வம் வற்றாது.

இங்கே எனக்கு ஒரு பாரபட்சம் உண்டு, சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கும் அன்னதானத்துக்கும் பணம் தானாக வருகிறது. மனநோயாளிகள், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள், சிறையில் இருப்பவர்களின் குடும்பங்கள், படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்கள் ஆகியோருக்குப் படம் போட்டு இரக்கம் சம்பாதிக்க முடியாது. இரண்டில் ஒன்றையாவது அந்தப் பக்கம் வையுங்கள் என்பேன்.

எங்கே தேடுவது

இணையத்தில் தேடினால் விளம்பரத்துக்குச் செலவு செய்பவர்களே முதலில் வருவார்கள். நான் ஆட்களிடம் கேட்டுத் தேடுகிறேன். அரசு மருத்துவமனைச் செவிலியர், ஊர்த் தலைமையாசிரியர், மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் போன்றவர்களுக்கு எந்த அமைப்பு ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுக்கிறது என்று தெரியும்.

அமைப்பே வேண்டாம், நான் படித்த பள்ளிக்குச் செய்தால் போதும் என்பவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் உங்கள் அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அங்கே என்ன தேவை என்று பார்த்துக் கொடுக்கலாம்.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது வாங்குபவருக்குச் சொன்னது. கொடுப்பவர் தாராளமாகப் பார்க்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

சட்டப்படி அவர்கள் யார்? பதிவு செய்த அறக்கட்டளையாக இருக்கலாம், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கமாக இருக்கலாம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் லாப நோக்கற்ற நிறுவனமாகவும் இருக்கலாம். எதுவானாலும் பதிவு எண் கேளுங்கள். மத்திய அரசின் நிதி ஆயோக் நடத்தும் 'என்ஜிஓ தர்பன்' இணையதளத்தில் மாநிலம், மாவட்டவாரியாகத் தேடினால் பதிவு, நிர்வாகிகள் பெயர் போன்ற விவரங்கள் கிடைக்கும். அதில் பெயர் இருப்பதை நாணயத்துக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமைப்புகள் தாமாகவே விவரம் கொடுத்துச் சேர்ந்துகொள்ளும் பட்டியல் அது.

பிறகு ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் கேளுங்கள். "அனுப்புகிறோம்" என்று சொல்லி இரண்டு நாளில் அனுப்புபவர்கள் ஒரு ரகம். "சந்தேகப்படுகிறீர்களா?" என்று கோபப்படுபவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்திடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை. கணக்கு வந்ததும் வங்கிக்காரன் கண்ணால் மூன்று இடங்களை மட்டும் பார்ப்பேன். அறங்காவலர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா? வாடகை என்று எழுதியிருக்கும் தொகை அவர்களில் ஒருவர் வீட்டுக்கே போகிறதா? ஆண்டுக்கு ஆண்டு வங்கி இருப்பு ஏறிக்கொண்டே போகிறது, வேலை மட்டும் அப்படியே நிற்கிறதா? முதல் இரண்டும் இருந்தாலே ஏமாற்று என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கேட்டால் சில சமயம் நேரான பதில் வரும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் பணம் போகும் கணக்கு. யுபிஐயில் எண்ணைப் போட்டதும் திரையில் தெரியும் பெயர் அமைப்பின் பெயராக இருக்க வேண்டும். தனி ஆளின் பெயர் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். "டிரஸ்ட் கணக்கில் ஏதோ கோளாறு, இப்போதைக்கு என் கணக்கில் போடுங்கள்" என்ற வாக்கியத்தை இதுவரை மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். மூன்று பேருக்கும் கொடுக்கவில்லை.

குழந்தைகள் இல்லம் என்றால் இன்னும் ஒரு படி உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் காப்பகம் ஒவ்வொன்றும் பதிவு செய்திருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். அங்கே வளரும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆகவே பிள்ளைகளின் முகத்தைப் பெயரோடும் கண்ணீர்க் கதையோடும் போட்டு நிதி கேட்கும் இல்லத்தைக் கண்டால் விலகுங்கள். நாமும் அங்கே போய்க் கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் போடுவதை விட்டுவிடலாம். நம் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கைதட்ட வேண்டியது அவர்கள் கடமையில்லை.

முடிந்தால் ஒரு முறை நேரில் போய் வாருங்கள், ஏதாவது ஒரு சாதாரண நாளில். சமையலறை, கழிப்பறை, மருந்து வைக்கும் அலமாரி மூன்றையும் பார்த்தால் போதும். வரவேற்பறைப் புகைப்படங்களில் ஒன்றும் தெரியாது.

"நூற்றுக்கு நூறும் ஏழைகளுக்கே" என்பவர்களை நம்பலாமா?

நிர்வாகச் செலவு குறைவாக இருக்கும் அமைப்பே நல்ல அமைப்பு என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கணக்கு எழுத ஆளில்லாத இடத்தில் கணக்கு எப்படி ஒழுங்காக இருக்கும்? மூவாயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு வரும் பணிப்பெண் எத்தனை மாதம் தங்குவார்?

கண்புரை அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம் என்று அறிவித்துவிட்டால் மட்டும் கிராமத்துப் பாட்டி வந்துவிடமாட்டார். பஸ் கட்டணம் வேண்டும், துணைக்கு வருபவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் முகாம் போட்டு, அறுவை சிகிச்சை தேவைப்படுபவர்களைத் தானே பஸ்ஸில் அழைத்துப்போய், சிகிச்சையும் சாப்பாடும் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் முறையை வளர்த்தெடுத்தது. கட்டணம் கொடுக்கும் நோயாளிகளின் வருமானம் இலவச நோயாளிகளைத் தாங்குகிறது. அரவிந்த் 1992இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் கண்ணுக்குள் பொருத்தும் லென்சை இங்கேயே மலிவாகச் செய்தது. இதில் பஸ்ஸுக்கு டீசல் போட்டது நிர்வாகச் செலவா, சேவையா? அந்த டீசல் இல்லாவிட்டால் பாட்டிக்குப் பார்வை வந்திருக்காது.

அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, "ஒரு வருடத்தில் எத்தனை பேருக்கு என்ன நடந்தது, அதில் எது நீங்கள் நினைத்தபடி நடக்கவில்லை?" என்று கேளுங்கள். இரண்டாவது பாதிக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் வேலை செய்கிறவர்கள்.

இந்தச் செலவுக்கு மட்டும்தான் என்று பணத்தைக் கட்டிப்போடாமல், பொதுச் செலவுக்கு என்று கொடுங்கள். ஆயிரம் ரூபாய் சாப்பாட்டுக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டால், மோட்டார் எரிந்துபோன அன்று அந்த ஆயிரத்தைத் தொட முடியாது.

வரி: முழுதும் திரும்பி வராது

நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் 80ஜி பிரிவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதன் கணக்கு தெரிந்தவர்கள் குறைவு. 80ஜி பதிவு பெற்ற பெரும்பாலான தனியார் அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதியை மட்டும், அதுவும் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 கழியும். நீங்கள் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால், கூடுதல் வரியும் சேர்த்து மிச்சமாவது 1,040 ரூபாய். பிரதமர், முதலமைச்சர் நிவாரண நிதிகளுக்குக் கொடுப்பது முழுதாகக் கழியும். இதெல்லாம் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும், அரிசி, துணி என்று பொருளாகக் கொடுத்தாலும் சலுகை இல்லை. கொடுக்கும்போதே பான் எண்ணைச் சொல்லிவிடுங்கள். 2021-22 நிதியாண்டு முதல், அமைப்பு தான் பெற்ற நன்கொடைகளை வரித்துறைக்குத் தெரிவித்து, 10பிஇ என்ற சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும். கையெழுத்துப் போட்ட ரசீது மட்டும் போதாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறும். எண்ணை விட்டுவிட்டு "வரித்துறைக்குத் தெரிவித்த நன்கொடைச் சான்றிதழ்" என்று கேளுங்கள்.

பொருளா, பணமா

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்துச் சாலையோரங்களில் பழந்துணி மலைமலையாகக் கிடந்தது. நாடெங்கிலும் இருந்து அன்போடு அனுப்பியவைதான். அலமாரியைக் காலி செய்யக் கிடைத்த சாக்காகவும் அது சிலருக்கு ஆயிற்று. எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவக் குடும்பங்களுக்குக் கிழிந்த கம்பளிச் சட்டையால் என்ன பயன்? தில்லியில் 1999இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, அப்படி மிஞ்சிய துணிகளைப் பிரித்து, தைத்து, வேறு பயனுக்கு மாற்றும் வேலையைத் தமிழ்நாட்டில் பிறகு எடுத்துச் செய்தது. துணி கொடுக்க விரும்பினால் அப்படி அதையே தொழிலாகக் கொண்டவர்களிடம், துவைத்து மடித்துக் கொடுங்கள்.

பொருள் கொடுப்பது எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய் இறக்கினால் அது நிச்சயம் சோறாகும், ஏனென்றால் அந்த அடுப்புக்கு நாள்தோறும் அரிசி வேண்டும். மற்ற இடங்களில் கொண்டுபோவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பேரிடர்களில் பணமே நல்லது. உடனே பாதியும், மூன்று மாதம் கழித்துப் பாதியும் என்பது என் வழக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதிதாக வைத்த கன்று காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். செய்தித்தாள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

அவசரப்படுத்துபவர்கள்

"சார், ஆசிரமத்திலிருந்து பேசுகிறோம், இன்று இரவு சாப்பாட்டுக்கு வழியில்லை" என்று போன் வந்தால், விவரத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அனுப்பமாட்டார்கள். சிகிச்சைக்கு நிதி திரட்டும் பக்கங்களில் மருத்துவமனையின் மதிப்பீட்டுக் கடிதம் இருக்கிறதா, பணம் மருத்துவமனைக் கணக்குக்கே போகிறதா என்று பார்த்துவிட்டு, மருத்துவமனைக்கே போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், எங்கே வாழ்ந்தாலும், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்புகள் மட்டுமே அதை வாங்கலாம், அதுவும் தில்லியில் ஸ்டேட் வங்கியில் வைத்திருக்கும் அதற்கான கணக்கில் மட்டும். ஊரிலிருக்கும் சிறிய அமைப்புக்கு ஆசையோடு அனுப்பி அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் பதிவு செய்த தொண்டு நிறுவனங்களின் கணக்குகளை அரசுத் தளத்திலேயே யாரும் பார்க்கலாம். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று அங்கிருந்து நிதி கேட்பவர்களையும் அதில் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

கொடுத்த பிறகு

மாதாமாதம் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். மொத்தமாக வரும் பத்தாயிரத்தைவிட மாதம் தவறாமல் வரும் ஐந்நூறை நம்பித்தான் ஓர் அமைப்பு ஆளை வேலைக்கு வைக்க முடியும். வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் வாக்கில், அறிக்கையைப் படித்துவிட்டுத் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்யுங்கள். நிறுத்துவதானால் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்த முதியோர் இல்லத்துக்கு இப்போது மாதம் பிறந்தால் என் கணக்கிலிருந்து 1,500 ரூபாய் போகிறது. சென்ற கோடையில் அந்த அம்மாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார்: தண்ணீர் மோட்டார் வாங்கிய பில். கீழே, "மாடி வரை தண்ணீர் ஏறுகிறது சார்" என்று ஒரு வரி. அப்பாவுக்கான சாப்பாட்டை ஆடி அமாவாசைக்கு அடுத்து வரும் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். பாயசத்தில் சர்க்கரை பாதிதான் போடச் சொல்கிறோம்.